பேருந்து நிறுத்தங்களின் இடைவெளி: 12 கி.மீ. வழித்தடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஒரு பேருந்து நிறுத்தத்தை எடுத்துவிடும்போது இரண்டு பேருடைய நேரம் மாறுகிறது. அந்த நிறுத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தவர் அடுத்த நிறுத்தம் வரை நடக்கிறார். ஏற்கெனவே வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர் சற்று முன்னதாகப் போய்ச் சேருகிறார். முதலாமவரின் இழப்பு கண்ணுக்குத் தெரிவதால் அவர் எதிர்க்கிறார். இரண்டாமவரின் ஆதாயம் சில நொடிகளாகச் சிதறிக் கிடப்பதால் அவர் நன்றி சொல்வதில்லை. நிறுத்தங்களைப் பற்றிய பொது விவாதம் எப்போதும் முதலாமவரின் பக்கமே சாய்வதற்கு இதுவே காரணம். திட்டமிடும் அலுவலகத்துக்குள் நடக்கும் விவாதமோ வேகம் என்ற ஒரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு இரண்டாமவரின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. இருவரின் நேரத்தையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிக் கழித்தால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

வழித்தடம்

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வழித்தடம் கணக்குக்காகவே அமைக்கப்பட்டது. எந்த நகரத்துக்கும் உரியதன்று. உண்மையான வழித்தடங்களில் நிறுத்தங்களை மாற்றும்போதே சிக்னல், கட்டண வசூல் முறை, வண்டியின் வகை ஆகியவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது வழக்கம் என்பதால், இடைவெளியின் விளைவை மட்டும் தனியே பிரித்தெடுப்பது கடினம். ஆகவே முதலில் கணக்கைத் தெளிவாகப் போட்டுவிட்டு, பிறகு உண்மை நகரங்களில் நடந்தவற்றோடு அதை ஒப்பிடலாம்.

முனையத்திலிருந்து முனையத்துக்கு 12 கி.மீ. நிறுத்தங்கள் 200 மீட்டருக்கு ஒன்றாக, முனையங்களையும் சேர்த்து 61. நெரிசல் நேரத்தில் ஒருவழி ஓட்டம் ஒன்றில் 60 பேர் ஏறி இறங்குகிறார்கள். ஒருவர் சராசரியாக 4 கி.மீ. பயணம் செய்கிறார். தடையில்லாத இடங்களில் வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. சிக்னலிலும் நெரிசலிலும் ஓட்டம் ஒன்றுக்கு 12 நிமிடம் கழிகிறது. ஒருவர் ஏற 3 நொடி ஆகிறது. இறங்குவது வேறு கதவில் அதே நேரத்தில் நடந்துவிடுகிறது. 12 வண்டிகள் ஓட, 9 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது.

ஒருமுறை நிற்பதன் விலை

மணிக்கு 40 கி.மீ. என்பது நொடிக்கு 11.1 மீட்டர். நின்றுகொண்டு பயணிப்பவர்கள் தடுமாறாத அளவில் பிரேக் பிடிப்பதென்றால் நொடிக்கு நொடி 1.25 மீட்டர் வரை வேகத்தைக் குறைக்கலாம். புறப்படும்போது 1 மீட்டர் வரை கூட்டலாம். வண்டி நிற்க ஏறத்தாழ 9 நொடியும், மீண்டும் முழு வேகம் பிடிக்க 11 நொடியும் ஆகின்றன. நிற்காமலேயே போயிருந்தால் அதே தூரத்தை அதில் பாதி நேரத்தில் கடந்திருக்கும். எனவே வேகத்தைக் குறைத்துக் கூட்டுவதில் மட்டும் 10 நொடி போகிறது. கதவு திறந்து மூட 4 நொடி, பக்கத்து வரிசை வாகனங்களுக்கு இடையே மீண்டும் நுழைய 4 நொடி. மொத்தம் 18 நொடி. ஒரே ஒரு பயணிக்காக நின்றாலும், இருபது பேருக்காக நின்றாலும் இந்தச் செலவு மாறாது. இதை நிலைச் செலவு என்று சொல்லலாம்.

பயணிகள் ஏறும் நேரத்தை இந்த 18 நொடியில் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிறுத்தத்தை நீக்கினாலும் அந்தப் பயணி அடுத்த நிறுத்தத்தில் ஏறத்தான் போகிறார்; அவருக்கான 3 நொடி இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை. வண்டி நின்றிருந்த நேரம் முழுவதையும் சேமிப்பாக எழுதிவிடுவது இத்தகைய திட்ட அறிக்கைகளில் எளிதாக நுழையக்கூடிய பிழை. ஏறும் நேரத்தைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. நியூயார்க்கில் 2008-இல் பிராங்க்ஸ் பகுதியின் ஒரு வழித்தடத்தில் பயணிகள் ஏறுவதற்கு முன்பே நடைபாதையில் கட்டணம் செலுத்தும் முறை வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2012 ஜூலை முதல் எல்லாக் கதவுகள் வழியாகவும் ஏற அனுமதித்தார்கள். கூட்டம் மிகுந்த வழித்தடத்தில் நிறுத்தங்களைத் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அதில் ஒருவர்கூடக் கூடுதலாக நடக்க வேண்டியிருக்காது.

பலகை இருக்கும் நிறுத்தமும் வண்டி நிற்கும் நிறுத்தமும்

61 நிறுத்தங்களில் முனையங்களைத் தவிர்த்தால் இடையில் 59. இடைவெளியை 400 மீட்டராக்கினால் இடையில் 29. முப்பது நிறுத்தங்கள் குறைகின்றன. நிறுத்தத்துக்கு 18 நொடி என்றால் 9 நிமிடம் மிச்சம் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. ஆள் ஏறவும் இறங்கவும் இல்லாத நிறுத்தத்தில் வண்டி நிற்பதில்லை. அப்படிப்பட்ட நிறுத்தத்தை நீக்கினால் மிச்சமாவது கம்பத்தின் பராமரிப்பு மட்டுமே.

வண்டி எத்தனை இடங்களில் உண்மையில் நிற்கும் என்பதைப் பாய்சான் பரவலைக் கொண்டு (தற்செயலாக நிகழ்பவை எப்படிச் சிதறும் என்று மதிப்பிடும் கணித முறை) மதிப்பிடலாம். நெரிசல் நேரத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக 120 நிகழ்வுகள் 61 நிறுத்தங்களில் பரவுகின்றன. நிறுத்தத்துக்குச் சராசரி இரண்டு. அப்போது ஒரு நிறுத்தத்தில் வண்டி நிற்பதற்கான வாய்ப்பு 86%. ஆக, 59-இல் 51 இடங்களில் நிற்கிறது. இடைவெளி 400 மீட்டராகும்போது நிறுத்தத்துக்குச் சராசரி நான்கை நெருங்குகிறது, கிட்டத்தட்ட எல்லா நிறுத்தங்களிலும் வண்டி நிற்கிறது, மொத்தம் 28. குறைவது 30 அன்று, ஏறத்தாழ 22. மிச்சம் 9 நிமிடம் அன்று, 6.7 நிமிடம். ஒருவழி ஓட்ட நேரம் 48.2 நிமிடத்திலிருந்து 41.5 நிமிடமாகிறது; சராசரி வேகம் மணிக்கு 14.9 கி.மீ.யிலிருந்து 17.3 கி.மீ. ஆகிறது. இதுவும் சிறிய மாற்றமன்று.

ஆனால் இதே வழித்தடத்தை மதிய நேரத்தில் பார்த்தால் படம் மாறுகிறது. ஓட்டத்துக்கு 20 பேர் மட்டும் பயணம் செய்யும்போது, 200 மீட்டர் இடைவெளியிலேயே வண்டி 59-இல் 28 இடங்களில்தான் நிற்கிறது. நிறுத்தங்களைப் பாதியாக்கினால் அந்த எண்ணிக்கை 21 ஆகும். பாதி நிறுத்தங்களை இழந்ததற்குக் கிடைப்பது 2.2 நிமிடம். இரவில் ஓட்டத்துக்கு 8 பேர் என்றால் வண்டி நிற்கும் இடங்கள் 14-இலிருந்து 12 ஆகின்றன. மிச்சம் அரை நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது. நிறுத்தப் பலகையை மாலை ஆறு மணிக்கு எடுத்துவிட்டு இரவு மீண்டும் நட முடியாது. நெரிசல் நேரத்தின் கணக்கை வைத்து எடுக்கும் முடிவின் சுமையை இரவில் தனியாக நடந்து வருபவர்தான் சுமக்கிறார், வழித்தடத்தின் ஒரு பகுதியில் மட்டுமே பயணம் செய்யும் அவருக்குக் கைம்மாறாக அந்த அரை நிமிடம்கூட முழுதாகச் சேருவதில்லை. திட்ட அறிக்கைகளில் நாளின் சராசரி ஒன்று மட்டும் தரப்படும்போது இந்த உண்மை மறைந்துபோகிறது. வேளைவாரியாகக் கணக்கைப் பிரித்துக் காட்டாத எந்த அறிக்கையையும் ஏற்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன்.

மேலே சொன்ன கணக்கு, பயணிகள் வழித்தடம் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதாகக் கொள்கிறது. உண்மையில் சந்தை, மருத்துவமனை, ரயில் நிலையம் போன்ற சில இடங்களில் கூட்டம் குவிந்திருக்கும். மற்ற இடங்களில் மெலிந்திருக்கும். மெலிந்த இடங்களில் வண்டி நிற்பதே அரிது. ஆகவே உண்மையான சேமிப்பு இந்தக் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கும். சிக்னலுக்கு முன்னால் இருக்கும் நிறுத்தங்களில் வண்டி நிற்கும் நேரத்தில் ஒரு பகுதி, எப்படியும் சிவப்பு விளக்கில் கழிந்திருக்கக்கூடிய நேரம். அதையும் சேமிப்பிலிருந்து கழிக்க வேண்டும்.

பயணியின் பக்கம்

வழித்தடத்தின் ஓரமாகச் சமமாகப் பரவி வாழும் மக்களுக்கு, அருகிலுள்ள நிறுத்தம் வரையான சராசரித் தூரம் நிறுத்த இடைவெளியில் நான்கில் ஒரு பங்கு. இடைவெளி 200 மீட்டராக இருந்தால் 50 மீட்டர். 400 மீட்டராக இருந்தால் 100 மீட்டர். பயணத்தின் இரு முனைகளிலும் நடக்க வேண்டியிருப்பதால் மொத்தத்தில் 100 மீட்டர் கூடுகிறது. நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு அது 83 நொடி. அவர் வழித்தடத்தில் மூன்றில் ஒரு பங்குத் தூரம் பயணம் செய்கிறார்; எனவே 6.7 நிமிடச் சேமிப்பில் அவர் பங்கு 134 நொடி. கடிகாரத்தைப் பார்த்தால் அவருக்கு 51 நொடி லாபம்.

ஆனால் வெயிலிலும் மழையிலும் நடக்கும் ஒரு நிமிடமும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடமும் ஒன்றல்ல. நடக்கும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை பாரமானதாக எடுத்துக்கொள்வது போக்குவரத்துத் திட்டமிடலில் நெடுநாள் வழக்கம். இரண்டு மடங்கு என்று வைத்தால் 83 நொடி நடையின் சுமை 167 நொடியாகிறது. 134 நொடி ஆதாயம் அதற்கு ஈடாகவில்லை. சராசரிப் பயணி 33 நொடி நட்டத்தில் நிற்கிறார். வண்டி வேகமாக ஓடுகிறது, வரைபடம் அழகாக இருக்கிறது, பயணி நட்டப்படுகிறார்.

இனி இடைவெளியை 300 மீட்டராக மட்டும் கூட்டிப் பார்ப்போம். நிறுத்தங்கள் 61-இலிருந்து 41 ஆகின்றன. வண்டி நிற்கும் இடங்கள் 51-இலிருந்து 37 ஆகின்றன. மிச்சம் 4.1 நிமிடம், பயணியின் பங்கு 83 நொடி. கூடுதல் நடை 42 நொடி, அதன் சுமை 83 நொடி. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. முதல் நூறு மீட்டரைக் கூட்டியபோது வண்டி 14 இடங்களில் நிற்பதைத் தவிர்த்தோம். அடுத்த நூறு மீட்டரில் தவிர்த்தது 8 அல்லது 9 தான். நடையோ இரண்டு தடவையும் ஒரே அளவில் கூடியது. நிறுத்தங்களை நீக்கிக்கொண்டே போகும்போது ஆதாயம் தேய்கிறது, சுமை தேய்வதில்லை.

இரண்டும் சமப்படும் இடத்தைக் கண்டறிய எளிய சூத்திரம் ஒன்று உண்டு. நடக்கும் வேகத்தின் இரு மடங்கைச் சராசரிப் பயணத் தூரத்தாலும் நிலைச் செலவாலும் பெருக்கி, நடையின் சுமை எண்ணால் (இங்கே இரண்டு) வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உகந்த இடைவெளி கிடைக்கும். நம் வழித்தடத்துக்கு இது 294 மீட்டர். பயணிகள் சராசரியாக 8 கி.மீ. போகிறவர்களாக இருந்தால் 416 மீட்டர், 2 கி.மீ. மட்டும் போகிறவர்கள் என்றால் 208 மீட்டர். நகரம் முழுவதற்கும் ஒரே இடைவெளியை விதியாக எழுதுவது ஏன் பொருந்தாது என்பதற்கு இந்த மூன்று எண்களே விடை. கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் போய்வருபவர்களின் வழித்தடமும், புறநகரிலிருந்து வேலைக்கு வருபவர்களின் வழித்தடமும் ஒரே அளவுகோலுக்குள் அடங்கா. வர்க்கமூலம் இருப்பதால் இன்னொன்றும் புரிகிறது: பயணத் தூரம் இரு மடங்கானாலும் உகந்த இடைவெளி 41% தான் கூடுகிறது. ஆகவே நகரப் பேருந்துகளுக்கு இந்தச் சூத்திரம் 200-க்கும் 450-க்கும் இடையிலேயே பெரும்பாலும் சுற்றி வருகிறது. வட அமெரிக்க நகரங்களில் 200 முதல் 250 மீட்டர் வரையும், ஐரோப்பிய நகரங்களில் 300 முதல் 450 மீட்டர் வரையும் பரவலாகக் காணப்படும் இடைவெளிகள் இந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன.

உண்மை நகரங்களில் கண்டவை

போஸ்டன் நகரின் பேருந்து வழித்தடம் ஒன்றை எடுத்து, தெருக்களின் அமைப்போடும் பயணிகள் இருக்கும் இடங்களோடும் பொருத்தி, பீட்டர் ஃபர்த், ஆதம் ராபீ இருவரும் 2000-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அங்கே இருந்த இடைவெளி சராசரியாக 200 மீட்டர். அவர்கள் கணித்த உகந்த இடைவெளி 400 மீட்டர். சராசரி நடை 0.6 நிமிடம் கூடும், வண்டிக்குள் இருக்கும் நேரம் 1.8 நிமிடம் குறையும், வண்டியின் ஓட்ட நேரம் 4.3 நிமிடம் குறையும் என்று அவர்கள் முடிவு கூறினார்கள். நம் கணக்கைவிட அது பெரிய இடைவெளியைப் பரிந்துரைப்பதற்குக் காரணங்கள் உண்டு. அவர்கள் வண்டியை இயக்கும் செலவையும் கூட்டலில் சேர்த்தார்கள். நாம் இதுவரை சேர்க்கவில்லை. எந்த நிறுத்தத்தை வைத்துக்கொள்வது என்பதையும் அவர்கள் முறை தேர்ந்தெடுத்தது. நாமோ சமமான இடைவெளியை மட்டும் பார்த்தோம்.

இது தாளில் போட்ட கணக்கு. தெருவில் நடந்ததை அளந்தது அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம். அங்கே நெருக்கமான நிறுத்தங்களை ஒன்றாக்கிக் குறைத்த பிறகு, வண்டிகளில் தானாகப் பதிவாகும் தரவுகளைக் கொண்டு 2006-இல் வெளியான ஆய்வு இரண்டு செய்திகளைத் தருகிறது. ஓட்ட நேரம் ஏறத்தாழ 6% குறைந்தது. பயணிகளின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. நடை கூடியதால் மக்கள் பேருந்தைக் கைவிடுவார்கள் என்ற அச்சம் அங்கே மெய்ப்படவில்லை. வேகம் கூடியதால் மக்கள் திரண்டு வருவார்கள் என்ற நம்பிக்கையும் மெய்ப்படவில்லை. நான் அந்த ஆய்வில் மிக முக்கியமாகக் கருதுவது மூன்றாவது குறிப்பை. ஓட்ட நேரச் சேமிப்பு அந்த அளவோடு நின்றதற்குக் கால அட்டவணை போதிய அளவு திருத்தப்படாததும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் வேறு வழியில் போனது. 2000 ஜூனில் வில்ஷயர், வெஞ்சுரா ஆகிய பெருஞ்சாலைகளில் ஏறத்தாழ 1.2 கி.மீ.க்கு ஒரு நிறுத்தம் மட்டும் கொண்ட விரைவுப் பேருந்துகளை விட்டார்கள். எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும் வழக்கமான பேருந்துகளையும் அதே சாலையில் வைத்துக்கொண்டார்கள். பயண நேரம் ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. ஆனால் அந்த ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்கு, பேருந்துக்குச் சிக்னலில் தரப்பட்ட முன்னுரிமையால் வந்தது. இந்த முறையில் யாரும் கூடுதலாக நடக்க வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் ஒரே சாலையில் வண்டிகளை இரண்டாகப் பிரிப்பதால் இரண்டுமே அடிக்கடி வருமளவுக்குப் பயணிகளும் வண்டிகளும் இருக்க வேண்டும். 9 நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் நம் வழித்தடத்தைப் பிரித்தால், ஒவ்வொரு வகையும் 18 நிமிடத்துக்கு ஒன்றாகிவிடும். காத்திருப்பில் இழப்பது விரைவில் பெறுவதைவிட மிகுதி. எனவே நம் வழித்தடத்துக்கு அது பொருந்தாது.

மிச்சமான நிமிடங்கள் போகும் இடம்

இந்த ஆய்வின் மையமே இதுதான். 300 மீட்டர் இடைவெளியில் சராசரிப் பயணிக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று பார்த்தோம். ஆனால் வண்டிக்கு ஒரு திசையில் 4.1 நிமிடம் மிச்சம். போய் வரும் சுற்றில் 8.2 நிமிடம். முனையத்தில் நிற்கும் இடைவேளையையும் சேர்த்து 108 நிமிடமாக இருந்த சுற்று 99.8 நிமிடமாகிறது. அதை என்ன செய்வது என்பதில் நிர்வாகத்துக்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்றும் செய்யாமல் பழைய அட்டவணையையே வைத்திருக்கலாம். அப்போது அட்டவணைக்கு முன்னதாக ஓடக்கூடாது என்பதற்காக ஓட்டுநர் வழியில் மெதுவாக ஓட்டுவார், அல்லது அட்டவணையில் நேரம் குறிக்கப்பட்ட நிறுத்தங்களில் காத்து நிற்பார். பயணி கூடுதலாக நடந்தும் முன்னதாகப் போய்ச் சேர மாட்டார். போர்ட்லாந்தில் ஓரளவு நடந்தது இதுவாக இருக்கலாம்.

ஒரு வண்டியைக் குறைத்துக்கொள்ளலாம். 11 வண்டிகள் 9 நிமிட இடைவெளியில் ஓட 99 நிமிடச் சுற்று வேண்டும். இடைவேளையில் ஏறத்தாழ முக்கால் நிமிடத்தைச் சுருக்கினால் அது கிடைத்துவிடும். செலவு மிச்சமாகிறது. பயணிக்குக் கிடைப்பது சரியாகப் பூச்சியம்: அவர் நடந்த நடைக்கும் வண்டியில் மிச்சமான நேரத்துக்கும் நேராகிவிட்டது, காத்திருப்பு மாறவில்லை. நிதி நெருக்கடியில் இருக்கும் நிறுவனம் இந்த வழியை எடுப்பதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைப் பயணிகளின் வசதிக்கான திட்டம் என்று அறிவிப்பது நேர்மையன்று.

மூன்றாவது வழியில் 12 வண்டிகளும் அப்படியே ஓடுகின்றன. 9 நிமிடத்துக்கு ஒன்று என்பது 8.3 நிமிடத்துக்கு ஒன்றாகிறது. சராசரிக் காத்திருப்பு 21 நொடி குறைகிறது; அதன் சுமை 42 நொடி. இப்போதுதான் பயணியின் ஏடு முதன்முறையாக லாபம் காட்டுகிறது. 400 மீட்டர் இடைவெளியிலும் இதே வழியைப் பின்பற்றினால் வண்டிகள் 7.9 நிமிடத்துக்கு ஒன்றாகி, 33 நொடி நட்டம் 34 நொடி லாபமாக மாறுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் 300 மீட்டரே சற்று மேல்: அதிலிருந்து கிடைக்கும் லாபம் கூடுதல், கேட்கும் நடை பாதி. நிறுத்தங்களைக் குறைப்பதால் பயணிக்கு நன்மை வருமா என்ற கேள்விக்கு நிறுத்தங்களின் வரைபடத்தில் விடை இல்லை. அதற்கு அடுத்த வாரம் வெளியாகும் கால அட்டவணையில்தான் விடை இருக்கிறது.

சராசரியில் தெரியாத ஆதாயம் ஒன்றும் உண்டு. வண்டி சில நாள் 45 இடங்களில் நிற்கும், சில நாள் 55 இடங்களில் நிற்கும் என்ற நிச்சயமின்மையால் ஓட்ட நேரம் ஏறி இறங்குகிறது. நெரிசல் நேரத்தில் இந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 200 மீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 48 நொடி. 300 மீட்டரில் 25 நொடி. தாமதமான வண்டிக்கு முன்னால் கூட்டம் சேருகிறது, கூட்டத்தால் அது மேலும் தாமதமாகிறது, பின்னால் வரும் வண்டி காலியாக ஓடிவந்து அதை ஒட்டிக்கொள்கிறது. பேருந்துகள் இரண்டு இரண்டாக வருவதற்கான இந்தக் காரணத்தை நியூவெல், பாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1964-இலேயே கணித வடிவில் விளக்கினார்கள். அந்தச் சங்கிலியின் தொடக்கப் பொறி சிறிதாக இருந்தால் நல்லது. ஆனால் இடைவெளியை மாற்றினாலே வண்டிகள் சேர்ந்து வருவது நின்றுவிடும் என்று எதிர்பார்ப்பது மிகை. சிக்னலும் நெரிசலும் தரும் ஏற்ற இறக்கம் இதைவிடப் பெரியது.

எதை எடுப்பது

61-ஐ 41 ஆக்குவதென்றால் மூன்றாவதாக வரும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் இடைவெளிகள் 200, 400, 200, 400 என்று மாறி மாறி வரும். சராசரி 300 தான்; ஆனால் சராசரி நடை 75 மீட்டருக்குப் பதிலாக 83 மீட்டராகிறது. மூன்றாவது வழியில் 42 நொடியாக இருந்த லாபம் ஏறத்தாழ 15 நொடியாகச் சுருங்கிவிடுகிறது. நீக்குவது மட்டும் போதாது. மிஞ்சியவற்றில் சிலவற்றை நகர்த்தவும் வேண்டும். நகர்த்தும்போது சிக்னலைக் கடந்தபின் அமையுமாறு வைத்தால், சிக்னல் முன்னுரிமை பின்னாளில் வரும்போது அது பயன் தரும். நிறுத்தத்தில் நிற்கப்போகும் வண்டிக்காகப் பச்சை விளக்கை வீணாக நீட்டிக்கும் நிலை அப்போது இராது.

சராசரியைப் பற்றியே இதுவரை பேசினோம். நீக்கப்பட்ட நிறுத்தத்தின் எதிரிலேயே குடியிருப்பவர் சராசரிக்குள் அடங்குவதில்லை. 400 மீட்டர் திட்டத்தில் அவர் எந்தப் பக்கம் போனாலும் 200 மீட்டர் நடக்க வேண்டும், நொடிக்கு 0.7 மீட்டர் நடக்கும் முதியவருக்கு அது ஐந்து நிமிடத்தை நெருங்கும். அந்த நடையின் சுமை எண் இரண்டன்று. சிலருக்கு அது பயணத்தையே கைவிடச் செய்யும். இதை எந்தச் சூத்திரமும் சராசரியில் கரைத்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மருத்துவமனை, முதியோர் இல்லம், பார்வையற்றோர் பள்ளி ஆகியவற்றின் வாசலில் உள்ள நிறுத்தங்களைக் கணக்குத் தொடங்குவதற்கு முன்பே பட்டியலிலிருந்து எடுத்து வைத்துவிட வேண்டும். இடைவெளி 150 மீட்டராக இருந்தாலும் அவை அங்கேயே இருக்கட்டும்.

சாய்வும் அப்படித்தான். சான் ஃபிரான்சிஸ்கோ தன் விதிமுறையில், 10% வரையான சாய்வுள்ள தெருக்களுக்கு 245 முதல் 415 மீட்டர் வரை இடைவெளி வைத்து, அதைவிடச் செங்குத்தான தெருக்களில் 150 மீட்டர் வரை நெருக்கமாக வைக்க இடம் கொடுக்கிறது. மலை இல்லாத ஊரிலும் சாய்வுக்கு ஈடான தடைகள் உண்டு: நடைபாதை இல்லாத நீளங்கள், கடக்க முடியாத அகலச் சாலைகள், விளக்கில்லாத பாலங்களின் அடிப்பகுதி. வரைபடத்தில் 150 மீட்டராகத் தெரிவது, சாலையைக் கடக்க அடுத்த சந்திப்பு வரை போய்த் திரும்புவதால் 400 மீட்டராகிவிடக்கூடும். எனவே ஒவ்வொரு நிறுத்தத்தையும் நீக்குவதற்கு முன் ஒருவர் நேரில் போய் அங்கிருந்து அடுத்த நிறுத்தம் வரை நடந்து பார்க்க வேண்டும். அந்த நடையை இரவில் ஒருமுறையும் நடக்க வேண்டும்.

நம் வழித்தடத்துக்கான பரிந்துரை இவ்வாறு அமைகிறது. பயணிகள் ஏறி இறங்கும் எண்ணிக்கையை நெரிசல் நேரம், மதியம், இரவு எனப் பிரித்து நிறுத்தவாரியாக எடுக்க வேண்டும். விதிவிலக்கு நிறுத்தங்கள் ஐந்தோ ஆறோ இருப்பதாகக் கொண்டால், 61 என்பது 41 ஆகாது. 46 அல்லது 47 ஆகும். 4.1 நிமிடச் சேமிப்பு அந்த அளவுக்குச் சுருங்கும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். நெரிசல் நேரத்து ஆதாயம் எட்டாத இரவு ஓட்டங்களில், பயணி கேட்டால் இரண்டு நிறுத்தங்களுக்கு இடையேயும் பாதுகாப்பான இடத்தில் இறக்கிவிட ஓட்டுநருக்கு அனுமதி தர வேண்டும். இரவில் அதற்கு ஆகும் நேரம் மிகச் சிறிது என்பதை மேலே பார்த்தோம். பலகைகள் அகற்றப்படும் அதே நாளில் புதிய அட்டவணை நடைமுறைக்கு வர வேண்டும். அது தயாராகவில்லை என்றால் பலகைகளை அகற்றும் நாளைத் தள்ளிவைக்க வேண்டும்.